கலிஃபோர்னியாவில் கான்ட்ராக்டரை அமர்த்தும் முன்: லைசென்ஸையும் பெர்மிட் வரலாற்றையும் பார்க்கும் வழி

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கிக் குடிபோனவர்கள் கொஞ்ச நாளிலேயே கேட்கும் கேள்வி, "நல்ல கான்ட்ராக்டர் யாராவது தெரியுமா?" வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் நாலு நம்பர் வந்து விழும். கொடுப்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது டைல்ஸ் நேராக ஒட்டினாரா, சொன்ன நேரத்துக்கு வந்தாரா என்பது மட்டும்தான். சுவருக்குள் ஓடும் ஒயரிங் சரியாக இருக்கிறதா, பெர்மிட் (கட்டட வேலைக்கு முன் வாங்கும் அரசு அனுமதி) எடுத்தாரா, அவர்மேல் நடவடிக்கை ஏதாவது உண்டா என்பதெல்லாம் அவர்களுக்கே தெரிந்திருக்காது. இதில் பெரும்பகுதி அரசுப் பதிவேடுகளில் இருக்கிறது. காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு சாயங்காலம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

பதிவேடுகள் இரண்டு. லைசென்ஸ் மாநில அரசின் கையில். பெர்மிட் உங்கள் சிட்டியின் கையில், சிட்டி எல்லைக்கு வெளியே இருந்தால் கவுண்டியின் கையில். இந்த ஆளுக்கு வேலை எடுக்க உரிமை உண்டா என்பதை லைசென்ஸ் சொல்லும். நிஜமாக என்ன வேலை செய்திருக்கிறார், எடுத்ததை முடித்தாரா என்பதைப் பெர்மிட் வரலாறு சொல்லும். பலரும் முதலாவதைப் பார்த்ததோடு நின்றுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் லைசென்ஸ் எண்

கான்ட்ராக்டரிடம் பேசும் முதல் பேச்சிலேயே லைசென்ஸ் எண்ணைக் கேளுங்கள். இதைக் கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். தெரிந்தவர் சொல்லி வந்தவரிடம் போய் அத்தாட்சி கேட்பதா என்று தோன்றும். ஆனால் இங்கே அது சாதாரணக் கேள்வி. விளம்பரத்திலும் ஒப்பந்தத்திலும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஒழுங்கான ஆள் கேட்பதற்கு முன்பே விசிட்டிங் கார்டை நீட்டிவிடுவார். "அதெல்லாம் பிறகு அனுப்புகிறேன்" என்று ஒருவர் இழுத்தால், அப்போதே அடுத்த ஆளைத் தேடத் தொடங்கலாம்.

கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது கான்ட்ராக்டர்ஸ் ஸ்டேட் லைசென்ஸ் போர்டு, சுருக்கமாக சி.எஸ்.எல்.பி. 1929-இல் தொடங்கிய அமைப்பு. ஒரு வேலைக்குக் கூலியும் பொருளும் சேர்த்து 1,000 டாலரோ அதற்கு மேலோ ஆனால் லைசென்ஸ் கட்டாயம். 2025 தொடக்கம் வரை இந்த வரம்பு 500 டாலராக இருந்தது. 1,000-க்குக் கீழே என்றாலும், அந்த வேலைக்குப் பெர்மிட் தேவைப்பட்டாலோ, அவர் ஆள் வைத்து வேலை செய்தாலோ விலக்கு கிடையாது. ஒரே வேலையை மூன்று சின்ன பில்லாகப் பிரித்துக் காட்டுவதும் செல்லாது.

லைசென்ஸ் பக்கத்தைப் படிப்பது

சி.எஸ்.எல்.பி. இணையதளத்தில் லைசென்ஸைச் சரிபார்க்கும் பக்கம் முகப்பிலேயே இருக்கும். எண்ணைப் போட்டால் ஒரே பக்கத்தில் எல்லாம் வந்துவிடும். எண் இல்லாவிட்டால் பெயரைப் போட்டும் தேடலாம். ஆனால் ஒரே மாதிரி பெயர்கள் நிறைய வரும் என்பதால் எண்தான் நம்பகம்.

அங்கே "ஆக்டிவ்" என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிடாதீர்கள். முதலில் பெயரும் முகவரியும். உங்களுக்கு வந்த எஸ்டிமேட்டில் உள்ள நிறுவனப் பெயரும் இந்தப் பக்கத்தில் உள்ள பெயரும் ஒன்றா? அடுத்தவருடைய லைசென்ஸ் எண்ணைத் தன் கார்டில் அச்சடித்துக் கொள்கிறவர்கள் உண்டு. லைசென்ஸ் கார்டையும் போட்டோ அடையாள அட்டையையும் சேர்த்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பதில் தவறே இல்லை. வீட்டுக்கு வந்து பேசி ஒப்பந்தம் போடுகிறவர் விற்பனை ஆளாக இருந்தால், அவருக்கும் சி.எஸ்.எல்.பி.யில் தனிப் பதிவு இருக்க வேண்டும். அதையும் அதே தளத்தில் பார்க்கலாம்.

அடுத்தது வகுப்பு. நிறையப் பேர் தவறவிடும் இடம் இது. லைசென்ஸ் என்பது எல்லா வேலைக்கும் பொதுவான சீட்டு அல்ல. 'பி' என்பது ஜெனரல் பில்டிங். பல தொழில்கள் கலந்த வேலையை மொத்தமாக எடுத்துச் செய்பவர். சி-10 எலெக்ட்ரிக்கல், சி-36 பிளம்பிங், சி-20 ஏசி, ஹீட்டிங், சி-39 கூரை, சி-33 பெயின்ட்டிங், சி-46 சோலார். 'பி-2' என்று ஒன்று 2021-இல் வந்தது. ஏற்கெனவே இருக்கும் வீட்டுக்குள் சீரமைப்பு செய்ய அது போதும், ஆனால் பளு தாங்கும் சுவரைத் தொட அதில் அனுமதி இல்லை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே உள்ள சுவரை எடுத்துவிடலாம் என்று பி-2 வைத்திருப்பவர் சொன்னால், அது தாங்கு சுவரா இல்லையா என்பது தெரியாமல் மேலே போகாதீர்கள். அதேபோல் சி-33 மட்டும் உள்ள பெயின்ட்டர் "பாத்ரூமையும் சேர்த்து முடித்துத் தருகிறேன்" என்றால், அவர் லைசென்ஸ் ஆக்டிவாக இருந்தாலும் அந்த வேலைக்கு அவருக்கு லைசென்ஸ் இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் பாண்ட், அதாவது அவரால் ஏமாந்தவர்களுக்கு ஈடு கொடுப்பதற்கான உத்தரவாதத் தொகை. ஒவ்வொரு கான்ட்ராக்டரும் 25,000 டாலருக்கு பாண்ட் வைத்திருக்க வேண்டும். 2023 வரை இது 15,000 ஆக இருந்தது. இந்தத் தொகை உங்கள் ஒருவருக்கு மட்டும் உள்ளது அல்ல. அவரிடம் ஏமாந்த எல்லோரும் சேர்ந்து கை நீட்டுவது இதே 25,000-த்துக்குத்தான். "நான் பாண்டட்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், எல்லா லைசென்ஸ்காரர்களும் பாண்டட்தான் என்பதை மனதில் வையுங்கள்.

ஒர்க்கர்ஸ் காம்பன்சேஷன் (வேலையில் காயமடையும் ஆட்களுக்கான காப்பீடு) என்ற இடத்துக்கு வரும்போது கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். சிலர் பக்கத்தில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். சிலர் பக்கத்தில், தன்னிடம் வேலையாட்களே இல்லை, ஆகவே விலக்கு என்று எழுதிக்கொடுத்ததாக இருக்கும். பின்னவர் உங்கள் வீட்டுக்கு நாலு ஆட்களோடு வந்து இறங்கினால், அந்த நால்வரும் யார் என்று கேட்க வேண்டியது நீங்கள்தான். ஏணியிலிருந்து ஒருவர் விழுந்து இடுப்பு உடைந்தால், காப்பீடு இல்லாத நிலையில் அந்தச் சுமை வீட்டு உரிமையாளர் பக்கம் திரும்பலாம். கூரை வேலைக்காரர்களுக்கு ஆட்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் காப்பீடு கட்டாயம். 2023 முதல் ஏசி, கான்கிரீட், மரம் வெட்டும் தொழில்களுக்கும் அப்படியே.

லையபிலிட்டி இன்ஷூரன்ஸ் இதிலிருந்து வேறு. எல்.எல்.சி. நிறுவனங்களைத் தவிர மற்றவர்களுக்கு அதை சி.எஸ்.எல்.பி. கட்டாயமாக்கவில்லை. பிளம்பர் குழாயை உடைத்து வீடு முழுக்கத் தண்ணீர் ஓடினால் உதவுவது இதுதான். அவர் காட்டும் தாளை வாங்கி வைத்துக்கொள்வதைவிட, அவருடைய இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடமிருந்தே சான்று உங்களுக்கு நேராக வரச் சொல்லுங்கள்.

பக்கத்தின் கடைசியில் ஒரு சின்ன வரி இருக்கலாம்: இந்த லைசென்ஸில் உள்ள நபர்கள் வேறு லைசென்ஸ்களிலும் இருக்கிறார்கள் என்று. அதை அவசியம் சொடுக்கிப் பாருங்கள். ரத்தான பழைய நிறுவனம் ஒன்றிலிருந்து வந்து, புதுப் பெயரில் கடை திறந்தவரை இங்கேதான் கண்டுபிடிக்க முடியும். அதே இடத்தில் லைசென்ஸின் தகுதியாளர் யார் என்பதும் தெரியும். லைசென்ஸ் வாங்க, கடந்த 10 ஆண்டுகளில் குறைந்தது 4 ஆண்டு தொழில் அனுபவம் காட்டி, தேர்வு எழுதித் தேறிய ஒருவர் வேண்டும். சிலர் இந்தத் தகுதியாளரை வாடகைக்குப் பிடித்து வைத்திருப்பார்கள். பெயர் மட்டும் அவருடையது, வேலையிடத்தில் ஆளைப் பார்க்கவே முடியாது. "இந்தப் பெயரில் இருப்பவர் யார், எங்கள் வேலைக்கு வருவாரா?" என்று கேட்டால் பதில் வரும் விதத்திலேயே நிறையப் புரியும்.

புகார் இருந்தால் அதே பக்கத்தில் சிவப்பாகவோ தனி இணைப்பாகவோ தெரியும். ஆனால் கொடுத்த புகார் எல்லாம் அங்கே வராது. விசாரணையில் ஓரளவு முன்னேறியவைதான் வரும். சைட்டேஷன் (மீறலுக்காக போர்டு பிறப்பிக்கும் உத்தரவு) என்றால், அவர் அதற்குக் கட்டுப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டு வரை தெரியும். லைசென்ஸ் ரத்தானால் அது நிரந்தரமாக நிற்கும். ஆகவே பக்கம் சுத்தமாக இருப்பது நல்ல அறிகுறிதான், அதையே முழு நற்சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. கவுண்டி சுப்பீரியர் கோர்ட் தளத்தில் நிறுவனப் பெயரைப் போட்டு சிவில் வழக்குகளையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

பெர்மிட் வரலாறு: இங்கே நேரம் செலவழியுங்கள்

பெரும்பாலான சிட்டிகள் பெர்மிட் பதிவுகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. ஊர்ப் பெயரோடு பெர்மிட் தேடல் என்று தேடினால் கட்டடத் துறையின் பக்கம் கிடைக்கும். பல ஊர்களில் அது அக்செலா என்ற மென்பொருளில் ஓடும். முகவரியை வைத்துத் தேடலாம், சில இடங்களில் கான்ட்ராக்டரின் லைசென்ஸ் எண்ணை வைத்தும் தேடலாம். லைசென்ஸ் எண் தேடல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். அவர் அந்த ஊரில் எடுத்த பெர்மிட் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

அப்படித் தேட வழி இல்லாவிட்டால், அவர் சமீபத்தில் வேலை செய்த நாலைந்து வீடுகளின் முகவரியை அவரிடமே கேளுங்கள். ஒவ்வொரு முகவரியாகப் போட்டுப் பாருங்கள். நான் நண்பர்களுக்காகப் பார்க்கும்போது பெரும்பாலும் இதைத்தான் செய்வேன். வெறும் போன் நம்பராக ரெஃபரன்ஸ் கொடுத்தால் மறுமுனையில் அவருடைய மச்சானே பேசலாம். முகவரியைக் கொடுத்தால் சிட்டி பதிவேடு பேசும். இணையத்தில் பதிவே இல்லாத சின்ன ஊராக இருந்தால், கட்டடத் துறை கவுன்ட்டரில் கேளுங்கள். கலிஃபோர்னியா பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டப்படி எழுதியும் கேட்கலாம். 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு. பல ஊர்களின் பதிவுகளைத் திரட்டிக் கான்ட்ராக்டர் பெயரில் காட்டும் பில்ட்சூம் போன்ற தனியார் தளங்களும் உண்டு. எந்த ஊரில் தேடலாம் என்று குறிப்பு எடுக்க அவை உதவும்; ஆனால் எல்லா ஊரும் அதில் இருக்காது, கடைசியாக நம்ப வேண்டியது சிட்டி பதிவைத்தான்.

சரி, பதிவு கிடைத்துவிட்டது. ஒரு பாத்ரூம் சீரமைப்புப் பெர்மிட் என்று வைத்துக்கொள்வோம். மேலே பெர்மிட் எண், வேலை விவரம், வேலையின் மதிப்பு, கான்ட்ராக்டர் பெயர். கீழே இன்ஸ்பெக்‌ஷன் வரிசை: முதலில் ரஃப் பிளம்பிங், ரஃப் எலெக்ட்ரிக்கல். அதாவது சுவரை மூடுவதற்கு முன் குழாயையும் ஒயரையும் இன்ஸ்பெக்டர் கண்ணால் பார்ப்பது. பிறகு ஷவர் பேன் சோதனை. ஷவரின் அடித்தளத்தில் தண்ணீரை நிரப்பி நிறுத்தி வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். டைல்ஸ் ஒட்டிவிட்ட பிறகு இதைப் பார்க்கவே முடியாது. அதன்பிறகு டிரைவால், அதாவது சுவரை மூடும் பலகை. கடைசியில் ஃபைனல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் முடிவும் இருக்கும்.

இந்தத் தேதிகளைப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ரஃப் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்து ஃபைனலுக்குச் சில வாரம், ஓரிரு மாதம் என்றால் வேலை ஒழுங்காக ஓடியிருக்கிறது. நடுவில் எட்டு மாதம் எதுவுமே இல்லை என்றால், அந்த வீட்டுக்காரர் அந்த எட்டு மாதமும் பாத்ரூம் இல்லாமல் இருந்தாரா என்று கேட்கத் தோன்ற வேண்டும். ஓரிடத்தில் "கரெக்‌ஷன்" என்று இருந்து அடுத்த வாரமே "பாஸ்" ஆகியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல கான்ட்ராக்டர்களுக்கும் ஒன்றிரண்டு திருத்தம் வரும். அவர்கள் உடனே சரிசெய்துவிடுவார்கள். ஒரே இன்ஸ்பெக்‌ஷன் திரும்பத் திரும்பத் தோற்றிருந்தால்தான் கவலை.

எல்லாவற்றையும்விட நான் முதலில் பார்ப்பது பெர்மிட்டின் நிலையை. "ஃபைனல்ட்" என்றால் வேலை முடிந்து சிட்டி ஒப்புக்கொண்டது. "இஷ்யூட்" என்று இருந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தால், பெர்மிட்டை எடுத்துவிட்டு முடிக்கவில்லை. "எக்ஸ்பயர்ட்" என்றால் காலாவதியாகும் வரை விட்டுவிட்டார்கள். ஒரு பெர்மிட் இப்படி இருந்தால் வீட்டுக்காரர் தரப்பில் ஏதாவது நடந்திருக்கலாம். பத்தில் நாலு இப்படி இருந்தால் அது அந்தக் கான்ட்ராக்டரின் பழக்கம். மிச்சப் பணம் கைக்கு வந்ததும் ஃபைனலுக்கு இன்ஸ்பெக்டரைக் கூப்பிடாமல் போய்விடுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. அந்தப் பாரம் பெர்மிட் எடுத்தவரோடு போகாது, வீட்டோடுதான் தங்கும். இதனாலேயே இன்னொன்றும் செய்யுங்கள்: இதே தேடலில் உங்கள் சொந்த முகவரியையும் போட்டுப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் முடிக்காமல் விட்ட பெர்மிட் ஏதாவது இருந்தால், புது வேலை தொடங்கும் முன் தெரிந்திருப்பது நல்லது.

வேலை விவரமும் கவனிக்க வேண்டியது. உங்களுக்குப் பெரிய அறை விரிவாக்கம் வேண்டும். அவர் எடுத்த பெர்மிட் எல்லாம் வாட்டர் ஹீட்டர் மாற்றியதும் ஜன்னல் மாற்றியதும் என்றால், உங்கள் வீட்டில்தான் அவர் கற்றுக்கொள்ளப் போகிறார். அறுபதாயிரம் டாலர் வேலையைச் சிட்டியிடம் எட்டாயிரம் என்று காட்டுபவரும் உண்டு. கட்டணத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துச் சொல்கிறவர் உங்களிடமும் கணக்கில் நேர்மையாக இருப்பார் என்று நான் எதிர்பார்க்க மாட்டேன்.

பெர்மிட்டே காணவில்லை என்றால் உடனே குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பெயின்ட், தரை விரிப்பு, குழாயையும் ஒயரையும் தொடாமல் அலமாரி மாற்றுவது போன்றவற்றுக்குப் பொதுவாகப் பெர்மிட் வேண்டாம். சில வேலைகளில் பெர்மிட், அவருக்குக் கீழே வேலை எடுக்கும் சப் கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும். ஆனால் பத்து வருஷமாக வீடு வீடாகச் சமையலறை மாற்றியதாகச் சொல்கிறவர் பெயரில் எந்த ஊரிலும் ஒரு பெர்மிட் கூட இல்லை என்றால், அவர் பெர்மிட் இல்லாமல்தான் வேலை செய்து வந்திருக்கிறார்.

"பெர்மிட்டை நீங்களே எடுத்துவிடுங்கள்"

ஒரு கான்ட்ராக்டர் இப்படிச் சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் பெயரில் எடுத்தால் நீங்கள் ஓனர்-பில்டர். சட்டத்தின் கண்ணில் அந்த வேலைக்குப் பொறுப்பாளர் நீங்கள். கோட் மீறல், வேலையாட்களின் காயம், எல்லாம் உங்கள் தலையில். அவர் லைசென்ஸ் இல்லாதவராகவோ, லைசென்ஸ் முடங்கியவராகவோ இருப்பதால்தான் பெரும்பாலும் இப்படிக் கேட்பார். "செலவு மிச்சம், சீக்கிரம் கிடைக்கும்" என்று காரணம் வரும். "பெர்மிட்டே தேவையில்லை" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதை அவர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, சிட்டி கவுன்ட்டருக்கு ஒரு போன் போட்டால் போதும். வாட்டர் ஹீட்டர் மாற்றுவதற்கே கலிஃபோர்னியாவில் பெர்மிட் வேண்டும் என்பது புதிதாக வந்த பலருக்குத் தெரியாது.

லைசென்ஸ் இல்லாமல் வேலை எடுத்தவருக்கு, நீங்கள் பணம் தராவிட்டால் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கும் உரிமை இந்த மாநிலத்தில் இல்லை. கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்டு நீங்கள் வழக்குப் போடலாம். ஆனால் ஊரைவிட்டே போய்விட்டவரிடம் வசூலிப்பது எப்படி? வழக்குக்கு முன்பே தவிர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

கையெழுத்துக்கு முன்

அட்வான்ஸ் என்று 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுதான் அவர் கேட்கலாம். தனி பாண்ட் வைத்துள்ள சில நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. அது லைசென்ஸ் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கும். "பொருள் வாங்கப் பாதிப் பணம் வேண்டும்" என்பது ஊர்ப் பழக்கத்தில் நமக்கு நியாயமாகத் தோன்றும். இங்கே அது சட்ட மீறல், அதற்குப் பிறகும் செய்த வேலைக்கு மேல் பணம் வாங்கக் கூடாது.

ஒப்பந்தம் எழுத்தில் வேண்டும். பெர்மிட் எடுப்பது கான்ட்ராக்டரின் பொறுப்பு என்ற வரியும், கடைசித் தவணை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த பிறகுதான் என்ற வரியும் அதில் இருக்கட்டும். வீட்டில் வைத்துப் பேசி முடித்த ஒப்பந்தத்தை மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம்; 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஐந்து வேலை நாள். பெற்றோர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் இது உதவும்.

சப் கான்ட்ராக்டர்களும் பொருள் தந்த கடைகளும் உங்களுக்குப் பிரிலிமினரி நோட்டீஸ் என்று ஒரு கடிதம் அனுப்புவார்கள். மிரட்டல் என்று பயந்துவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மெயின் கான்ட்ராக்டர் அவர்களுக்குப் பணம் தராவிட்டால் உங்கள் வீட்டின்மேல் லீன் (பாக்கிப் பணத்துக்காக வீட்டின்மேல் பதியும் உரிமைக்கோரல்) போடும் உரிமையை அவர்கள் காப்பாற்றிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர்களைக் குறித்து வைத்து, ஒவ்வொரு தவணை கொடுக்கும்போதும் அவர்களிடமிருந்து லீன் ரிலீஸ் (அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள்) வாங்கித் தரச் சொல்லுங்கள்.

வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சஸில் ஜெனரல் கான்ட்ராக்டருக்கு மாநில லைசென்ஸே கிடையாது. எலெக்ட்ரீஷியன், ஏசி, பிளம்பர் போன்ற சில தொழில்களுக்கு மட்டும் உண்டு. அங்கே பெர்மிட் வரலாறுதான் உங்களுக்குக் கண். நியூஜெர்சியில் கன்ஸ்யூமர் அஃபேர்ஸ் பிரிவில் பதிவு பார்க்க வேண்டும், வாஷிங்டன் மாநிலத்தில் தொழிலாளர் துறையில், ஃப்ளோரிடாவில் மாநிலத் தொழில் ஒழுங்குத் துறையில். நியூயார்க்கில் சிட்டி அல்லது கவுண்டி அளவில். பெர்மிட் மட்டும் எங்கே போனாலும் பொதுவாக உள்ளூர் கட்டடத் துறையிடம்தான்.

வேலை நடக்கும்போது வாரம் ஒருமுறை உங்கள் பெர்மிட் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகிவிட்டது என்று வாயால் சொல்வதும் பதிவில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். "ஃபைனல்ட்" என்று மாறிய நாளில் அந்தப் பக்கத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்ட அட்டை, ஒப்பந்தம், லீன் ரிலீஸ் தாள்கள் எல்லாவற்றையும் வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். நாளைக்கு வீட்டை விற்கும்போது, பெர்மிட் இல்லாமல் செய்த மாற்றம் உண்டா என்று டிஸ்க்ளோஷர் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேலையில் குறை இருந்து சி.எஸ்.எல்.பி.யில் புகார் கொடுக்கப் பொதுவாக 4 ஆண்டு அவகாசம் உண்டு. அப்போதும் கேட்பது இதே தாள்களைத்தான்.